கிளட்ச் மிதி

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தபோது எங்கள் பிக்கப்பின் கிளட்ச் போனது. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அவருடைய கைகாலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் தம்பி ஓட்டினான். நான் நடுவில், அவர் ஜன்னல் கரையில். மண்கும்பானைத் தாண்டும்போது எஞ்சின் பெரிதாக இரைந்தது, வாகனம் மட்டும் இழுக்கவில்லை. தம்பி அக்சிலேட்டரை இன்னும் கொடுத்துப் பார்த்தான். இரைச்சல்தான் கூடியது. நடந்து போகிறவர் எங்களை முந்திவிடலாம் என்ற அளவுக்கு வேகம் விழுந்தது. காலடியிலிருந்து கருகல் மணம் எழும்பியது.

“கொடாதை தம்பி,” என்றார் அவர். “விடு. ஓரத்துக்கு உருட்டு. அது முடிஞ்சுது.”

மணல் ஓரத்தில் வாகனம் நின்றது. நிழல் என்று ஒன்றும் இல்லை. அவரை இறக்கினால் திரும்ப ஏற்றுவது பெரிய பாடு என்பதால் கதவைத் திறந்துவிட்டு, என் சேலைத் தலைப்பை விரித்து அவர் முகத்தில் வெயில் படாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் கழித்து ஒரு மீன் லொறி வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துப்போனது. அதை ஓட்டியவன் முன்னர் இவரோடு ஒன்றாகத் தொழில் செய்தவன். வீட்டடியில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, “அண்ணை, கெதியாச் சுகமாகி வாங்கோ. நீங்கள் இல்லாமல் துறையடி வெறிச்செண்டு கிடக்கு,” என்றான். மனதோடுதான் சொன்னான். இவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார்.

எங்கள் கரையில் எல்லாம் கடலுக்குப் போகிற குடும்பங்கள். இவருக்கு மட்டும் சின்ன வயதிலிருந்தே கடல் ஒத்துக்கொள்ளாது. வள்ளத்தில் ஏறினால் வாந்தி எடுப்பார். கூட்டாளிகள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். அதனால் கரையிலேயே ஒரு தொழிலைத் தேடிக்கொண்டார். சண்டை ஓய்ந்து பாதை திறந்த பின்னர், யாரோ பாவித்துக் கழித்த அந்தப் பிக்கப்பை வாங்கினார். ஊர்காவற்றுறையில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணச் சந்தைக்குப் போவார், திரும்பும்போது ஐஸ் கட்டி கொண்டுவருவார். ஒரு நாள் காலை ஐஸ் இறக்கும்போது இடது கை பிடிக்காமல் கட்டி நழுவி அவருடைய இடது காலில் விழுந்தது. கால் நோகவில்லை என்று ஆச்சரியப்பட்டுச் சொன்னாராம். நோகவில்லை என்று சொல்லிக்கொண்டே நிலத்தில் இருந்துவிட்டார்.

இடது பக்கம் முழுவதும் போயிற்று. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, நினைவும் அப்படியே இருந்தது. ஆனால் வாகனத்தில் கிளட்ச் இடது காலுக்கு, கியர் இடது கைக்கு.

மீன்காரர்கள் வேறு வாகனங்களைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, மீன் காத்திருக்காது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் வேலை செய்கிற என் தம்பி, கிளினிக் நாட்களில் வந்து பிக்கப்பை எடுத்து எங்களைக் கூட்டிப்போவான். மற்ற நாட்களில் அது முற்றத்தில் பூவரசின் கீழ் நிற்கும். இவர் விறாந்தையில் கதிரையில் இருப்பார்.

கிளட்ச் போன செய்தி பரவியதும் வேலணையிலிருந்து ஒருவர் வந்து, வாகனத்தை உள்ளபடியே எடுப்பதாகச் சொன்னார். கொடுத்துவிடுவதுதான் புத்தி என்று தம்பி சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது. கிளினிக்குக்கு ஓட்டோ பிடிக்கலாம், மிச்சக் காசு கையில் இருக்கும். இவர் வேலணைக்காரரைத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் போன பிறகு தம்பியைக் கூப்பிட்டார்.

“கிளட்சை மாத்துவம்.”

“அத்தான், பிளைவீலும் போயிருக்கும். அவ்வளவு சூடு ஏறியிருக்கு. கியர்பொக்ஸை இறக்கினாத்தான் தெரியும். பெரிய வேலை.”

“இறக்கு. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. ஞாயிறு ஞாயிறா வா.”

தம்பி அப்படியே வந்தான். பூசை முடிந்ததும் பஸ் ஏறி வருவான். வாகனத்தை ஜக்கால் தூக்கிச் சீமெந்துக் கற்களில் நிறுத்தினான். பின்சில்லுக்குப் போகிற தண்டைக் கழற்றினான். கியர்பொக்ஸைப் பிடிக்கிற போல்ட்டுகளில் சில உப்புக் காற்றுக்கு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு அடுத்த ஞாயிறு வரை விட்டான். சொந்தமாக வள்ளம் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுச் சம்மாட்டி ஒரு கை கொடுக்க, இரண்டு பேருமாகக் கியர்பொக்ஸை இறக்கிச் சாக்கில் கிடத்தினார்கள். இவரை நான் கதிரையோடு பூவரசடிக்கு நகர்த்திவிட்டிருந்தேன். ஒரு வேலைக்கும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளட்ச் பிளேட் வெளியே வந்தது. உராய்ந்து உராய்ந்து அதன் மேல்பூச்சு போய், ஆணித்தலைகள் தெரிந்தன. அந்த ஆணிகள் பிளைவீலின் முகத்தை வட்டம் வட்டமாக உழுதிருந்தன. எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற பாரமான இரும்புச் சில்லுத்தான் பிளைவீல் என்று தம்பி எனக்குக் காட்டினான். கண்ணாடிபோல இருக்கவேண்டிய அதன் முகம் நீலமும் கறுப்புமாகக் கன்றிப்போய், விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்புகளோடு இருந்தது.

“இதை லேத்திலை சீவிப் பாப்பம்,” என்றான் தம்பி, நம்பிக்கை இல்லாமல்.

இவர் பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வலது கைப் பெருவிரலால் ஆணித்தலைகளைத் தடவிப் பார்த்தார். தம்பி கை கழுவக் கிணற்றடிக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“இஞ்சாரும், இதிலை இரும்.”

பக்கத்தில் கிடந்த கல்லில் இருந்தேன்.

“உந்தக் கிளட்ச் எனக்கு வருத்தம் வர முதலே பாரம். கடைசி வருசம் மிதிச்சு மிதிச்சுத் தொடை கொதிக்கும். உமக்குச் சொன்னனான் இல்லை. சுகமான காலுக்கே அந்தப் பாரமெண்டா, வருத்தக் காலாலை எப்பிடி மிதிக்கிறது? புதுசு போட்டா மிதி இலேசாகுமெண்டு தம்பி சொல்லுறான். அப்ப நான் ஓடுவன்.”

“கை?” என்று கேட்டேன்.

“கையைக் கியரிலை வைச்சுத் துணியாலை கட்டினா, தோளாலை தள்ளலாம். நான் எல்லாம் யோசிச்சுப் போட்டன். கால்தான் அலுவல். இலேசான மிதியெண்டா இந்தக் காலுக்குக் காணும்.”

அதோடு நிற்கவில்லை. போன மாரியில் நான் முன்பள்ளிக்குப் போயிருந்த ஒரு நேரத்தில், தடியை ஊன்றிப் போய், பின்பக்கமாக இருக்கையில் சாய்ந்து, கால்களைக் கையால் தூக்கிப் போட்டு ஏறிப் பார்த்தாராம். மிதி அசையவில்லையாம். இறங்கும்போது விழுந்தாராம். அன்று நான் வரும்போது அவருடைய முழங்கை உரிந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. குளியலறையில் வழுக்கியதாகச் சொன்னார். நான் மஞ்சள் அரைத்துப் பூசி, குளியலறைக்குக் கால்மிதி போட்டேன்.

“அப்பவே எனக்கு விளங்கீற்றுது,” என்றார். “மிதிதான் பாரம்.”

அன்றிலிருந்து அவருடைய நாட்கள் மாறின. வாகனம் இல்லாததால் கிளினிக் போக முடியவில்லை. ஓட்டோ பிடிப்போம் என்றேன், வேண்டாம் என்றார். வீட்டிலேயே செய்வார். பழைய சாக்கைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, சுவரோடு வைத்து, கதிரையில் இருந்தபடி இடது பாதத்தை அதில் பதித்து அழுத்துவார். நான் முன்பள்ளிக்கு வெளிக்கிடும்போதும் அழுத்திக்கொண்டிருப்பார், திரும்பி வரும்போதும் அப்படியே. நெற்றியில் வியர்வை ஓடும். “பாரும், சாக்கு உள்ளுக்குப் போகுது,” என்பார். நான் குனிந்து பார்ப்பேன். இடுப்பும் தோளும் முன்னால் போயிருக்கும். பாதம் சாக்கின் மேல் கிடக்கும். “ஓம்,” என்பேன். சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தலைமயிருக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார். வருத்தம் வந்த பிறகு அவரை அப்படி நான் கண்டதில்லை.

தம்பி பிளைவீலை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனான். லேத்காரர் விளிம்பை அளந்து பார்த்து, இது முன்னமே சீவின சாமான், இனிச் சீவ இடமில்லை, சீவினாலும் வெடிப்பு உள்ளே ஓடியிருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். புதியது எங்கும் இல்லை, அந்த மாதிரி வாகனம் வருவதே நின்றுவிட்டது. பழைய சாமான் கடைகளில் தம்பி தேடிக்கொண்டே இருந்தான். ஒரு நாள் போன் எடுத்து, “கிடைச்சிட்டுது அக்கா, ஆனா எனக்கு லீவு இல்லை, நீங்கள் வந்து கொண்டுபோங்கோ,” என்றான்.

நான் போனேன். கடைக்காரர் அதை உர பாக்கில் போட்டு வாயைக் கட்டித் தந்தார். தம்பி பஸ் வரை தூக்கி வந்து என் மடியில் வைத்துவிட்டுப் போனான். பஸ் நிறையச் சனம். பண்ணைப் பாலத்தில் காற்று அடித்தது. இருபக்கமும் தண்ணீர். பாரம் தொடையில் அழுந்தி, கால்கள் விறைத்து, அவை எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆயின. பக்கத்தில் இருந்த ஆச்சி பாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அம்மிக்கல்லோ பிள்ளை?” என்றாள்.

“இல்லை அம்மா. வாகனச் சாமான்.”

“வீட்டுக்காரர் வரேல்லையோ?”

“அவருக்குச் சுகமில்லை.”

நான் இறங்கும்போது நடத்துநர் பாக்கை இறக்கி வைத்தார். என்னால் உடனே நடக்க முடியவில்லை. தரிப்பிடத்தில் பாக்கின் மேலேயே இருந்து, காலில் இரத்தம் ஓடும் வரை தொடையைத் தட்டிக்கொண்டிருந்தேன். இவருக்கு எந்நாளும் இப்படித்தானா இருக்கும் என்று யோசித்தேன். என் கால் மெல்ல மெல்லக் குத்திக் குத்தி உயிர்த்தது. வீட்டுக்கு வந்து அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பூட்டுகிற வேலை கழற்றியதைவிடக் கடினமாக இருந்தது. பிளைவீல் ஏறியது. புதிய பிளேட்டை நடு பார்த்து வைத்து, அதன் மூடியை இறுக்கினான் தம்பி. கியர்பொக்ஸ் மட்டும் உள்ளே போக மறுத்தது. சம்மாட்டி கீழே படுத்து நெஞ்சில் தாங்கிக்கொண்டு தள்ளினார். விரல் இடைவெளி மிச்சமிருக்க, அதற்கு மேல் அசையவில்லை. இறக்கி, திரும்ப நடு பார்த்து, திரும்ப ஏற்றினார்கள். அது சட்டென்று வழுக்கி உள்ளே போனபோது இவர் கதிரையில் இருந்து சிரித்தார். சத்தமாகச் சிரித்தார்.

கடைசியாக, கிளட்ச் எண்ணெய்க் குழாயில் இருக்கிற காற்றை எடுக்க ஓர் ஆள் மிதியை மிதிக்கவேண்டும் என்று தம்பி கீழிருந்து சொன்னான். சம்மாட்டி போய்விட்டிருந்தார். நான்தான் இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓட்டுநர் இருக்கையில் ஏறி இருந்தேன்.

“மிதியுங்கோ அக்கா. பிடியுங்கோ. இப்ப விடுங்கோ. திரும்ப மிதியுங்கோ.”

முதலில் மிதி வெறுமனே கீழே போனது. பிறகு மெல்ல உரம் பிடித்தது. இவர் கதவோரம் கதிரையில் இருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடி?” என்றார். “இலேசோ?”

இலேசாகத்தான் இருந்தது. செருப்பில்லாத என் கால் ஒரு தலையணையை அழுத்துவது போல அதை அழுத்தியது.

“ஓம்,” என்றேன். “நல்ல இலேசு.”

தம்பி வாகனத்தை எடுத்துக்கொண்டு துறையடி வரை போய் வந்தான். கியர்கள் தடையில்லாமல் விழுவதாகவும் கருகல் மணமே இல்லை என்றும் சொன்னான். முகத்தில் கிரீஸ் பூசிய சந்தோசம். வாகனத்தின் திறப்பை இவரிடம் கொடுத்தான்.

“நான் ஏறப்போறன்,” என்றார் இவர்.

தம்பி என்னைப் பார்த்தான். “இண்டைக்கு வேண்டாம் அத்தான். கிளட்ச் கொஞ்சம் பழகட்டும்.”

“பழகினாப் பேந்து பாரமாகும். இண்டைக்குத்தான் இலேசு.”

இரண்டு பேரும் பிடித்து ஏற்றினோம். வலது கையை ஸ்டியரிங்கில் வைத்தார். முதுகை நிமிர்த்தினார். முகம் ஒரு நிமிடம் பழைய முகமாக இருந்தது, சந்தையால் திரும்பி வந்து கதவைத் திறக்கிற முகம். “காலை வைச்சுவிடும்,” என்றார். நான் குனிந்து இடது பாதத்தைத் தூக்கி மிதியில் வைத்தேன். தம்பி மற்றப் பக்கத்தால் ஏறி, எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தான் கியரைப் போடுவதாகச் சொன்னான்.

இவர் மிதித்தார். தோள் முன்னால் வந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மிதி அசையவில்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் கையில் ஒரு துடிப்பும் படவில்லை.

“வைச்சது சரியில்லை. இன்னும் மேலை வையும்.”

மேலே வைத்தேன். அதே போலத்தான். பிறகு அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு வலது கையால் தன் இடது தொடையை ஓங்கி அமத்தினார். மிதி கீழே போனது. “போடு தம்பி,” என்றார். தம்பி முதல் கியரைப் போட்டான். தொடையை விட்டுக் கையை ஸ்டியரிங்குக்கு எடுத்ததும் பாதம் வழுக்கியது. மிதி அடித்துக்கொண்டு மேலே வர, வாகனம் ஒரு துள்ளுத் துள்ளி நின்றது. நான் விலகி விழாமல் கதவைப் பிடித்துக்கொண்டேன். திரும்ப ஸ்டார்ட் செய்யச் சொன்னார். திரும்பவும் துள்ளி நின்றது. தம்பி, “அத்தான், புதுக் கிளட்ச் எல்லாருக்கும் உப்பிடித்தான்…” என்று தொடங்கினான்.

“காணும்,” என்றார் இவர்.

தம்பி இறங்கிப்போய்ச் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு நின்றான். இவர் இறங்கவில்லை. நான் கூப்பிட்டபோதும் அசையவில்லை. கடைசி பஸ் போய்விடும் என்று தம்பி தயங்கியபோது அவனை அனுப்பச் சொன்னார். வெயில் தாழ்ந்து, பூவரசில் காகங்கள் வந்து அடைந்தன. நான் வாகனத்தின் படியில் இருந்தேன்.

“கால் இல்லையெண்டு நான் நினைக்கேல்லை,” என்றார். “மிதி பாரமெண்டுதான் நினைச்சனான்.”

நான் அவருடைய முழங்காலில் கையை வைத்தேன். இடது முழங்கால். நான் கை வைத்தது அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் சாக்குச் சுருணையை எடுத்துவிடச் சொன்னார். அடுத்த கிளினிக் நாளுக்கு வாகனம் தயாராக நின்றது, தம்பியும் வந்தான். இவர் சேட்டுப் போட மறுத்துவிட்டார். “இனி என்னத்துக்கு?” என்று மட்டும் கேட்டார். நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே பயிற்சி கொடுக்கிற பிள்ளையிடம் விசாரித்தேன். அவள் உள்ளதைச் சொன்னாள்: “கால் இனிப் பெரிசா வராது அம்மா. ஆனா நிப்பாட்டினா உள்ளதும் போயிடும். எப்பிடியாவது கூட்டிக்கொண்டு வாங்கோ.” பின்பாதியை மட்டும் இவரிடம் சொன்னேன். முன்பாதியை அவர் என் முகத்திலிருந்து தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

வாகனத்தை இனி விற்பதுதான் என்றானது. விற்க முதல் தம்பி எனக்கு ஓட்டப் பழக்குவதாகச் சொன்னான். எனக்கும் ஆசை இல்லாமலில்லை. ஓடத் தெரிந்தால் ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று எண்ணினேன். ஒரு நாள் முற்றத்தில் ஸ்டார்ட் செய்து, அவன் சொன்னபடி மிதித்து, கியர் போட்டு, வாசல் படலை வரை கொண்டுபோனேன். துள்ளாமல் போனது. திரும்பி வீட்டுக்குள் வந்தபோது இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தானாகத் திரும்ப அவருக்குச் சரியான கஷ்டம். எவ்வளவு பாடுபட்டுத் திரும்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நான் பிறகு ஏறவில்லை.

காரைநகரிலிருந்து ஒருவர் வந்து வாங்கினார். ஓடிப் பார்த்துவிட்டு முற்றத்தில் நின்று, “கிளட்ச் பூப்போலை இருக்கு அக்கா. ஆர் போட்டது?” என்று உரத்துக் கேட்டார். ஜன்னல் திறந்திருந்தது. என் தம்பிதான் போட்டவன் என்று சொல்லித் திறப்பைக் கொடுத்தேன். வாகனம் போன பிறகு உள்ளே போனேன். விற்றாயிற்றா என்றோ என்ன சொன்னார் என்றோ இவர் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டார்.

அதன் பிறகு விறாந்தைக்கு வருவது குறைந்தது. தடி கதவு மூலையில் நிற்கிறது. கோயில் திருநாளுக்குக் கதிரையோடு தூக்கிப்போவதாகச் சம்மாட்டி வந்து கேட்டார். “ஏலாது,” என்றார். எதைக் கேட்டாலும் இப்போது அதுதான் பதில். கோபமாகச் சொல்வதில்லை. என்ன நேரம் என்று கேட்டவருக்கு நேரம் சொல்வது போலச் சொல்கிறார்.

முன்பள்ளிக்குப் போக முதல் நான்தான் அவருடைய காலை மடக்கி நீட்டுகிறேன். அந்தப் பிள்ளை காட்டித் தந்தபடி, குதிக்காலை ஒரு கையில் தாங்கி, முழங்காலை மற்றக் கையால் பிடித்து, நெஞ்சுப் பக்கம் கொண்டுபோய்த் திரும்ப இறக்குகிறேன். அவர் தடுப்பதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். செய்யாவிட்டால் விறைத்துப்போகும் என்றார்கள். செய்துகொண்டுதான் இருக்கிறேன். விறைத்துக்கொண்டுதான் வருகிறது.